ஓரங்குலம் காணப்படவில்லை

பல்லேபொலப் பக்கத்துக் கிராமசபை ஒன்றில் நான் களஞ்சியக் காப்பாளன். குடியிருப்பும் அதே ஊரில். மழை பொய்த்த அந்த வருடம், நாற்பது வீடுகளுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் போட, ஓரங்குல இரும்புக் குழாய்கள் லொறியில் வந்து இறங்கின.

அளக்காமல் நான் கையொப்பமிடுவதில்லை. உள்வாய், ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூட. வெளியே, ஒன்றேகாலையும் தாண்டியது. "மேற்படி குழாயில் ஓரங்குலம் எவ்விடத்திலும் காணப்படவில்லை" என்று எழுதி, எல்லாவற்றையும் பூட்டிவைத்தேன்.

குழாய் பொருத்தும் இத்ரூஸ் நானா தலையில் கைவைத்தார்.

"இரும்புக்கு உள்வாயத்தாங்க சொல்றது. அதுவும் சும்மா பேருக்கு."

"பேருக்கும் அளவுக்கும் சம்பந்தம் வேண்டாமா?"

ஓடைத் தண்ணீரோடு ஏறிவந்த றாபியா ராத்தா குடத்தை இறக்காமலே என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்து எத்தனையாம் நம்பர்?"

"எட்டு."

"அதுல எட்டு எங்க இருக்குன்னு அளந்தீங்களா தம்பி?"

அன்று மாலை அளந்தேன். எங்கும் இல்லை. சப்பாத்து என்னுடையது என்பதால் அறிக்கை எழுதவில்லை.

என் குறிப்பை ஆராயச் சபை அமைத்த விசாரணைக் குழு மூன்று முறை கூடியது. மூன்றாம் முறை தலைவர் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு மில்லிமீற்றர் என்று அதில் அச்சிட்டிருந்தது. வெளியே அளந்தோம். முப்பத்திரண்டேதான்.

"நேர்மையான குழாய்!" தலைவருக்குக் குரல் தழுதழுத்தது.

தண்ணீர் உள்ளேதான் போகும் என்ற விடயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை. இரும்பு நிராகரிக்கப்பட்டது. தண்ணீரில்லாத ஊர்களுக்குப் பிளாஸ்டிக் வழங்கத் தீர்மானமாயிற்று.

நிராகரித்த குழாய்களைப் பின்வளவில் எறிந்தோம். இத்ரூஸ் நானா அவற்றை எடுத்துப்போய் இரண்டே நாளில் பொருத்திவிட்டார். தண்ணீர் வந்தது.

பிறகு மேலிடத்துக் கடிதம் வந்தது: அவ்வூரில் குழாய் உண்டா?

"ஓரங்குலக் குழாய் எதுவும் இல்லை" என்று எழுதினேன். பொய்யல்ல, அளந்தவன் நான். தண்ணீரில்லை என்ற மனுவில் நாற்பது வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். றாபியா ராத்தா குழாயடியிலிருந்து நேரே வந்து, நிறைந்த குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பிளாஸ்டிக்கும் வரட்டுமே தம்பி. தோட்டத்துக்கு ஆகும்."

பிளாஸ்டிக் வரவில்லை. போன மாதம் லொறி ஒன்று ஏறி இரும்புக் குழாய் உடைந்தது. திருத்தித் தரச்சொல்லி ஊரே விண்ணப்பித்தது. இல்லாத குழாய் உடையாது என்று சபை பதில் அனுப்பியது.

பதிலை வரைந்தவனும் நானே. இப்போது எட்டாம் நம்பர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, றாபியா ராத்தாவுக்குப் பின்னால் நானும் ஓடைக்கு இறங்குகிறேன்.