மூன்றாம் தலை கண்ட தத்துவம்

வாசகரே, தீர்ப்புச் சொல்லுமுன் சாட்சியாக அமர்ந்து முழுவதையும் கேளுங்கள். படிக்காத நூலை மேற்கோள் காட்டிய பேச்சாளர்கள் பலர் உண்டு. உலகில் இல்லாத நூலை மேற்கோள் காட்டியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவனே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொம்மனஹள்ளியில் ஒரு பட்டிமன்றம். மதம் மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? நான் சேர்க்கும் அணியின் தலைவன். (அந்நாளில் பால் வாங்கப் போனாலும் "பெருமதிப்பிற்குரிய கடைக்காரரே" என்றுதான் தொடங்குவேன்.)

அன்று காலை எங்கள் ஈஜிபுரா வீட்டில், ஃபிரிட்ஜின் மேல் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. தங்கை மலரின் கையெழுத்தில், "காத்திருப்போர் பெஞ்ச் - மதம் பற்றிய தத்துவ நூல். ஆசிரியர்: பேரறிஞர் டொம்பாலி" என்றிருந்தது. பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மலர், நூலகத்தில் படித்ததை எழுதி வைப்பவள். முன்பு விண்வெளி நகைச்சுவைக் கதைகளும் எழுதினாள். "ராக்கெட்டில் பஜ்ஜி சுடுவதெல்லாம் இலக்கியமா?" என்று நான் கேட்ட நாள்முதல் எனக்கு எதையும் காட்டுவதில்லை. கதை எழுதுவதை விட்டுவிட்டாள் என்றே நம்பினேன்; ஆகவே தாளை நூற்குறிப்பு என்று எண்ணி மேடைக்கு எடுத்துப் போனேன்.

மேடையில் முழங்கினேன்: "மேலைநாட்டுப் பேரறிஞர் டொம்பாலி கூறுகிறார்! நம்புகிறவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். நம்பாதவன், கேள்வி போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்கிறான். இருவரும் அமர்ந்திருப்பது ஒரே பெஞ்சில்!" (மேலைநாடு என் சொந்தச் சரக்கு.)

கைதட்டல் அதிர்ந்தது. "அருமை! இன்னும் வாசிங்க தம்பி" என்றார் நடுவர் அம்மையார்.

தாளை, அதுவரை பார்த்திராத மறுபக்கத்துக்குக் கம்பீரமாகத் திருப்பினேன். "இவ்வுண்மையைக் கண்டது என் மூன்றாம் தலை. மற்ற இரண்டும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தன."

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"இது... அச்சுப்பிழை" என்றேன்.

"கையால எழுதுனதுல அச்சுப்பிழையா தம்பி?"

மூன்றாம் வரிசையில் மலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிரிப்பு என்னைப் பார்த்து எழுந்தது. அவளோ தன் கதையைப் பார்த்து என்று எண்ணிவிட்டாள். அந்தக் கதவைத் தாண்டினால் இனிப் பேனாவைத் தொடமாட்டாள் என்று தோன்றியது. என் செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது.

"மலரு, போகாத! இது என் தங்கச்சி எழுதுன விண்வெளிக் கதைங்க. நூலும் அதுல வர்றதுதான். நான் கேக்காம எடுத்துட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிச்சத்தையும் படி குரு! அந்த ரெண்டு தலை எப்ப எந்திரிக்கும்?"

நான் மலரைப் பார்த்தேன். "படிக்கட்டுமா?"

நின்றவள் மெல்ல உட்கார்ந்தாள். "கீழ மை கலைஞ்சிருக்கும். பாத்துப் படிண்ணா."

படித்தேன். நேரம் முடிந்தும் நடுவர் மணியடிக்கவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் மலரின் தலை சற்று நிமிர்ந்தது. என் அணி படுதோல்வி கண்டது.

இன்றும் வீட்டில் நான் அறிவுரை சொல்ல வாய் திறந்தால், "இப்ப எந்தத் தலை பேசுது?" என்பார் அம்மா.

அன்று திரும்பும் பேருந்தில், வழிநெடுக ஒத்திகை பார்த்த உறுதிமொழியை எழுந்து நின்றே சொன்னேன்: "இனி உன்னைக் கேட்டுத்தான் எடுப்பேன். உன் பெயரைச் சொல்லித்தான் படிப்பேன். பஜ்ஜி வந்தாலும் சிரிக்க மாட்டேன்!"

"ஐயோ, சிரிக்கத்தாண்ணா எழுதறேன்."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. உறுதிமொழியைத் திருத்தி, உரக்கவே சொன்னேன்: "சரி. பஜ்ஜி வந்தா முதல்ல நான்தான் சிரிப்பேன்."