மருதம்மாளின் மூன்று சுற்று

அழைப்பிதழில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரி ஒன்றுதான் இடித்தது.

‘விருது பெற்றபின் திருமதி மருதம்மாள் அவர்கள், சர்க்கார் வழங்கும் முதல் சைக்கிளில் ஏறி மைதானத்தை மூன்று சுற்று வருவார்.’

முதலிபாளையம் தாய்சேய் நல விடுதியின் மருத்துவச்சி மருதம்மாள் ஆறு வருஷமாக மனு எழுதியவள். கிராமத்து மருத்துவச்சிகளுக்குச் சர்க்கார் சைக்கிள் தரவேண்டும். நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது, சில சமயம் தாய் போய்விடுகிறாள். இதையே அறுபது மனுவில் எழுதி, சென்னைக்கு மூன்று முறை ரயிலேறி, கோட்டை வராந்தாவில் காத்துக் கிடந்து, ஒரு வழியாகச் சாதித்தும்விட்டாள். அதற்குத்தான் மருத்துவச்சிகள் சங்கம் விருது கொடுக்கிறது.

ஒரே ஒரு சங்கடம். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மனு எழுதும் மும்முரத்தில் அது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை.

“இந்த வரியை யாரு சேத்துனது?” என்று சங்கச் செயலாளர் ஞானாம்பாளைக் கேட்டாள்.

“ஜில்லா சுகாதார அதிகாரிங்க. சேலை கட்டுன பொம்பளை ஓட்டிக் காட்டட்டும், அப்பறம் பாக்கி நாப்பது சைக்கிளுக்குக் கையெழுத்துப் போடறேன்னுட்டாருங்க. உங்களுக்கென்னங்கக்கா, பத்துச் சுத்துக்கூட வருவீங்க.”

“பின்னே?” என்றாள் மருதம்மாள். தெரியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

விழாவுக்கு நாலு நாள் இருந்தது. ராசப்பன் கடையில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு நொய்யல் கரைக்குப் போனாள். உச்சி வெயிலில் அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? யாரும் இல்லைதான். ஆனால் சலவைப் பட்டறை மணியன், வெளுத்த பனியன் துணியைக் கரை முழுக்க உலர்த்தியிருந்தான். மூன்றாவது மிதியில் மருதம்மாள் அதற்குள் புகுந்து, துணி சுற்றிப் பொட்டலமாகி விழுந்தாள். பட்டறைக்குள்ளிருந்து மணியன் பதறி ஓடி வந்தான்.

“ஐயோ நர்சம்மா, உழுந்துட்டீங்களா?”

“உழுகறதா? பிரேக்கைச் சோதிச்சுப் பாத்தனப்பா.”

மணியன் நம்பினான். நம்பியதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொன்னான். மறுநாளே ஞானாம்பாள் வந்து நின்றாள்.

“ஏனுங்கக்கா, வெசையா வந்து டக்குன்னு பிரேக் போடறதுல நீங்க கெட்டிக்காரியாமா! நோட்டீசுல அதையும் சேத்துட்டமுங்க.”

மருதம்மாள் அன்றே கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, சுளுக்கு என்றாள். ஞானாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கால்ல கட்டோட நீங்க ஓட்டுனா அந்த அதிகாரி வாயே தொறக்க முடியாதுங்கக்கா. பேப்பர்காரங்களுக்கும் சொல்லிப்போடறனுங்க.”

இனி மணியன்தான் கதி. அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். சொல்வதற்குள் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் விருது வாங்குன உடனே, ‘பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சு’ன்னு ஒரு ஆளு கத்திட்டு ஓடியாரணும். அதிகாரி ஜீப்புல ஏறிப் போயிருவேன். ஓட்டிக் காட்டறதை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம், அதுக்குள்ள பழகிக்குவேன்.”

“என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமுங்களே. வெள்ளகோவில்ல என்ற மச்சான் நாடகத்துல நடிக்கறவனுங்க. அழுதான்னா நெசமாட்டவே இருக்கும். வரச் சொல்றனுங்க.”

விழா நாளில் மைதானம் கொள்ளாத கூட்டம். தலைமை தாங்க வந்த துணை மந்திரி வெள்ளிக் கேடயத்தைக் கொடுத்தார். மருதம்மாள் வாங்கினாளோ இல்லையோ, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் ஓடி வந்தான்.

“நர்சம்மா! என்ற பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சுங்க! தலைச்சன் பிள்ளைங்க, வாங்க தாயே!”

முகமெல்லாம் கண்ணீர். மணியனின் மச்சான் லேசுப்பட்டவன் இல்லை என்று மருதம்மாள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

“அவசரமுங்கய்யா. ஜீப்பைக் குடுத்தீங்கன்னா...”

துணை மந்திரி பூரித்துப்போனார். “ஜீப் எதுக்கம்மா? இதுக்குத்தானே ஆறு வருஷமா சைக்கிள் கேட்டீங்க! ஏறுங்க!”

இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். அதிகாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். விழுந்தால் நாற்பது சைக்கிளும் போச்சு. மருதம்மாள் பிரசவப் பையைத் தோளில் மாட்டி, முருகனை நினைத்து ஒரு மிதி மிதித்தாள். சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடி, எப்படியோ நிமிர்ந்து, வாசல் வழியாக வெளியே பாய்ந்தது. அழுதவன் பின்னாலேயே ஓடினான். கூட்டம் வாசலோடு நின்று ஆரவாரம் செய்தது. நிறுத்தத் தெரியாத காரணத்தால் மருதம்மாள் ஆற்றங்கரை வரைக்கும் போய், பழையபடி பனியன் துணிக்குள் விழுந்தாள்.

நல்லவேளை, அவனைத் தவிர ஒருத்தரும் பார்க்கவில்லை. நாற்பது சைக்கிளும் வந்த மாதிரிதான்! மருதம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். துணிமேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“நர்சம்மா, எந்திரிங்க! அந்தா, அந்தக் கடைசி ஊடுதானுங்க!” என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“போதுமப்பா, அழுகையை நிறுத்து. சித்தெ உக்காரு. நாடகத்துல உனக்கு ராசா வேசந்தான் குடுப்பாங்களா?”

அவன் திருதிருவென்று விழித்தான். அதற்குள் பஸ் நிலையத்துப் பக்கமிருந்து மணியன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மன்னிச்சுக்கோங்க நர்சம்மா! என்ற மச்சான் வெள்ளகோவில் பஸ்ஸை உட்டுட்டானாமா. இப்ப நானே போயிக் கத்தட்டுங்களா?”