கப்பல் ஏறாத ஸ்வீடன் அண்ணை

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தைப் பற்றி அந்த ஊர் மேயரைவிட அதிகம் தெரிந்தவர் ஜெர்மனியில், ஹம் நகரில் இருக்கிறார். ஊரைத்தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போன கோடையில், கப்பல் புறப்படும் கீல் துறைமுகத்தில் அவர் எனக்குக் கையசைத்து விடைகொடுத்த நிமிடத்தில்தான் அந்த எண்ணம் வந்தது: இவரை எப்படியாவது கப்பலில் ஏற்றிவிட வேண்டும்.

எல்லோருக்கும் அவர் 'ஸ்வீடன் அண்ணை'. கோடை வந்தால் எங்கள் ஆட்களைப் பேருந்தில் ஏற்றி, ஹம்மிலிருந்து கீல் வரை மைக்கைக் கீழே வைக்கமாட்டார்.

"அங்க வாய்க்கால் எல்லாம் ஒல்லாந்தர் போட்ட திட்டம். யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டின அதே ஆக்கள்தான். மீன் சந்தை தேவாலயம் மாதிரி இருக்கும், சப்பாத்தைக் கழட்டிப்போடாதேங்கோ."

ஒரு மாமி கழற்றியிருக்கிறார். வாசலில் கும்பிட்டு உள்ளே போனவருக்குக் காட்சி கொடுத்தது ஒரு முழு சால்மன் மீன்.

கீல் வந்ததும் அண்ணை மைக்கை அணைப்பார். "மிச்சத்தை நேரில பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலேறி ஹம்முக்குத் திரும்பிவிடுவார். போர்க்காலத்தில் கிளாலிக் கடலைச் சின்னப் படகில், சூட்டுச் சத்தத்துக்குள் கடந்தவர். அதன்பிறகு குளியல் தொட்டியைக்கூட அவர் நம்புவதில்லை.

டென்மார்க் வழியாகப் பாலம் இருக்கிறதே என்றேன்.

"அது பாதியில கடலுக்கடியில இறங்குது, பிள்ளை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

விமானம்?

"துறைமுக நகரத்துக்குள்ள முதுகுப் பக்கத்தாலயோ நுழையிறது?"

இத்தனைக்கும் அவருடைய அக்கா இருப்பது கோத்தன்பர்க்கில். ஒவ்வொரு பயணத்துக்கும் துறைமுகத்துக்கு வந்து, தம்பி வறுத்து அனுப்பும் கறித்தூளை வாங்கிக்கொண்டு போவார். இந்தமுறை தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "நான் எத்தினை தரம் ஜெர்மனிக்கு வந்திட்டன். இந்தத் தரம் நீ இங்க வந்து இறங்காட்டில், இனி நான் துறைமுகப் பக்கம் வரமாட்டன்."

அண்ணை முதன்முதலாகத் தனக்கும் டிக்கெட் எடுத்தார்.

கப்பலுக்குப் போகும் கண்ணாடிப் பாதையின் தொடக்கத்தில் கம்பியைப் பிடித்தவர் விடவில்லை. கதவு மூட இன்னும் சில நிமிடங்கள்தான். டுசல்டோர்ஃபிலிருந்து வந்திருந்த சென்னைக்காரர் கோமதி கெஞ்சினார்: "அண்ணா, போர்டிங் க்ளோஸ் பண்றாங்க. கண்ணை மூடிட்டு வாங்க."

"ஏலாது. மூடினால் தண்ணி இன்னும் கிட்ட வருது."

நான் பையிலிருந்து பேருந்து மைக்கை எடுத்து அவர் கையில் திணித்தேன். "அண்ணை, சொல்லிக்கொண்டே நடவுங்கோ."

பேட்டரி தீர்ந்துபோன மைக். ஆனாலும் பேசினார். ஒல்லாந்தரோடு கம்பியை விட்டார். ஸ்வீடன்காரரின் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுவந்த தேயிலையோடு பாதி தூரம் வந்தார். மீன் சந்தையோடு கப்பல் வாசலையே தொட்டுவிட்டார். பின்னால் நாங்கள் நடந்தோம்.

வாசற்படியில் பேச்சு நின்றது.

"அடுத்தது என்ன அண்ணை?"

மைக்கைத் தாழ்த்தினார். "அடுத்தது எனக்குத் தெரியாது, பிள்ளை. அது நேரில பாக்கிற பகுதி."

கறித்தூள் பொதி என் கைக்கு வந்தது. கதவு மூடியது. அவர் வெளியே நின்றார்.

மறுநாள் காலை கோத்தன்பர்க்கில் இறங்கினேன். வரமாட்டேன் என்ற அக்கா அங்கே நின்றார். பொதியை மணந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு தூரம் வந்தவன்?"

"கப்பல் வாசல் வரைக்கும்."

"ஓமோ?" பொதியைப் பைக்குள் வைத்தார். "போன வருஷம் பஸ்சடியோட திரும்பினவன் எல்லோ."

அங்கேயே நின்று நானும் அக்காவும் ஒரு திட்டம் போட்டோம்: அடுத்த கோடைக்கு அக்கா கப்பலில் கீலுக்கு வருகிறார், ஆனால் இறங்கமாட்டார். வாசற்படிக்கு உட்பக்கம் நிற்பார். அண்ணையின் பேச்சு முடியும் இடத்திலிருந்து ஊரைப் பற்றிய மிச்சத்தை அக்கா வேண்டுமென்றே பிழைபிழையாகச் சொல்லத் தொடங்குவார். தம்பி குறுக்கே வந்து திருத்தாமல் இருக்கமாட்டார். திருத்த ஓர் அடி உள்ளே வைத்தாக வேண்டும். அந்த ஓர் அடிக்காக, மைக்குக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.