சுவருக்கு எந்த லெட்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் மனைவி நலம், உன் மகள் நலம், நீ ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன உடற்பயிற்சி சைக்கிள் யாரும் தொடாததால் ரொம்பவே நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் நியாயம் பேச ஆரம்பித்ததும் உன் போனில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பெட்டி நிறைய பென்சிலுக்குள் போடும் லெட் டப்பாக்கள், எல்லாம் ஒரே ரகம், 0.7, 2B. மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: “அக்கா, இனிமேல் இதில் வரை. எல்லாப் பிரச்சினையும் தீரும்.” தம்பி, கணக்குப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து சம்பாதிக்கிறவள் நான். என்னிடம் இருப்பவை தலையை அழுத்தினால் லெட் நீளுகிற பென்சில்கள், 0.3, 0.5 அளவு. உன் 0.7 லெட் அவற்றின் வாய்க்குள் தலையைக்கூட நீட்டாது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உன் மகள் தன் பள்ளிக்கூடப் பென்சிலைக் கொண்டுவந்தாள், அது 0.7. ஆனால் அவள் உன் லெட்டைப் போடாமல் என் டப்பாவிலிருந்த 0.5 லெட்டைப் போட்டாள். பென்சிலைக் கவிழ்த்ததும் போட்டதெல்லாம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. “அத்தை, உங்க லெட்டுக்கு வயித்துப்போக்கு” என்றாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

லெட் என்றால் கறுப்பாக ஒரு குச்சி, அவ்வளவுதானே என்று நினைக்கிறாய். செருப்பு வாங்கப் போனால் அளவு கேட்கிறாய் அல்லவா? எண் சின்னதானால் லெட் மெலிசு. 0.3 பொறுமைசாலிகளுக்கானது, கோபத்தோடு தொட்டால் உடைந்துவிடும். 0.5 என்னைப் போல் சம்பளத்துக்கு வரைகிறவர்களுக்கு. 0.7 உன்னைப் போல் எழுதும்போது மேசையையே ஆட்டுகிறவர்களுக்கு. அப்புறம் எழுத்து. H என்றால் கெட்டி, கோடு மங்கலாக விழும், கை பட்டால் இழுசாது, அழித்தால் சுவடில்லாமல் போகும். B என்றால் மென்மை, கறுப்பாக விழும், அழித்தாலும் அங்கே ஏதோ இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எழுத்துக்கு முன்னால் 2 இருந்தால் அந்தக் குணம் இன்னும் கூடுதல். நடுவில் HB, எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேராத உறவினர் மாதிரி. நான் முடிவான கோடுகளை B-யிலும், முடிவாகாத உதவிக் கோடுகளை 2H-இலும் போடுவேன். இதை மனதில் வைத்துக்கொள், கீழே வேண்டியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பின்கட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவாகி, நாமெல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான் பிளான் வரைந்தேனே, அந்த நாளை நினைத்துப் பார். உன் மனைவி சமையலறைக்கு ஜன்னல் கேட்டாள், நீ உடனே “போடுக்கா” என்றாய், போட்டேன். உன் மகள் சுவரோடு ஒட்டிய அலமாரி கேட்டாள், “போடுக்கா”, போட்டேன். நீ சைக்கிளுக்குப் பக்கத்தில் மின்விசிறி கேட்டு உனக்கு நீயே “போடுக்கா” சொல்லிக்கொண்டாய், அதையும் போட்டேன். கடைசியில் நான் கூடத்தின் மூலையைக் காட்டி, இங்கே ஒரு சுவர், அதில் ஒரு கதவு, உள்ளே என் மேசை என்றேன். உன் மனைவி கூடம் சின்னதாகிவிடாதா என்று கேட்டாள். நீ மோவாயைச் சொறிந்துகொண்டு, “பாக்கலாம்க்கா” என்றாய். நான் அந்தச் சுவரையும் வரைந்தேன். நீ வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பிளானைப் போட்டோகாப்பி எடுத்து, கொத்தனாருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, கரண்ட் வேலைக்காரருக்கு ஒன்று என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நானும் திருத்த வேலைக்காகப் பதிப்பகத்துக்குப் போய் ஒன்றரை மாசம் அங்கேயே தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. என் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று. என் மேசை இருக்க வேண்டிய இடத்தில் உன் சைக்கிள், அதன் மேல் ஈரத் துண்டுகள்.

கொத்தனாரைப் பிடித்துக் கேட்டேன். அவர் தன் காப்பியை விரித்து, இதில் கோடே இல்லையேம்மா என்றார். நான் ஓடிப்போய் அசல் பிளானைக் கொண்டுவந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இருக்கு. ஆனா இருக்கணும்னு நினைச்சுப் பாத்தாதான் இருக்கு.”

2H கோடு போட்டோகாப்பியில் விழவில்லை. உன் மனைவியிடம் போனேன். அவள் துண்டுகளை மடித்துக்கொண்டே, “நானும் கவனிச்சேன் அண்ணி, நீங்களே வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள். அவள் மேல் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். உனக்குப் போன் செய்தால் நீ சிரிக்கிறாய். எல்லாம் உன் லெட்டால் வந்தது அக்கா, கறுப்பாகப் போட்டிருந்தால் சுவர் நின்றிருக்கும் என்கிறாய். இனி அதைக் கட்டினால் டைல்ஸ் போய்விடும், ஒரு திரை தொங்கவிட்டுக்கொள்ளேன் என்கிறாய். பிறகு இந்தப் பார்சல்.

அன்றைக்கு அசல் பிளானை எதிரில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் யோசித்தேன். ஜன்னலும் அலமாரியும் உன் மின்விசிறியும் நல்ல கறுப்பில் B-யில் இருக்கின்றன. என் சுவர் மட்டும் 2H. யாரும் என்னை அந்தப் பென்சிலை எடுக்கச் சொல்லவில்லை. கை தானாகப் போய் எடுத்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகும், எனக்கென்று ஒன்று கேட்கும்போது, யாராவது முகம் சுளித்தால் சட்டென்று அழித்துவிடத் தோதாகக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆகா, அக்கா ஒத்துக்கொண்டாள் என்று துள்ளாதே. மேலே ஒன்றை மனதில் வைத்துக்கொள் என்றேனே, அதை இப்போது எடு. முடிவான கோடு B, முடிவாகாத கோடு 2H. நீ “போடுக்கா” என்றதையெல்லாம் B-யில் போட்டேன். நீ “பாக்கலாம்க்கா” என்றதை 2H-இல் போட்டேன். உன் வாயிலிருந்து வந்ததைத் துல்லியமாக வரைந்திருக்கிறேன், தம்பி. மங்கலாக இருந்தது என் லெட் இல்லை, உன் பதில். கடையில் போய் லெட் மாற்றி வாங்கலாம், “பாக்கலாம்” என்பதற்கு மாற்று லெட் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்.

இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில்தானே வரைந்தாய், இப்போது மட்டும் என்ன என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு முக்கோணம் வரைந்தேன். பக்கத்தில் உன் வீட்டுக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தது. நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். பதிப்பகத்தில் ஒரு புண்ணியவான் அந்தச் சொட்டுக்கு P என்று பெயர் வைத்து, P-யிலிருந்து அடிப்பக்கத்துக்கு உள்ள தூரத்தைக் காண்க என்று கேள்வியும் எழுதி, புத்தகம் அச்சாகி, பிள்ளைகள் விடையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உன் வீட்டு எண்ணெய்ச் சொட்டுக்குத் தேர்வில் மதிப்பெண் உண்டு. எனக்கு ஒரு கதவு கிடையாது. நான் தட்டை நகர்த்து, டம்ளரை எடு, மேசையை ஆட்டாதே என்று சொல்லிச் சொல்லியே பாதி நாள் போய்விடுகிறது. திரையெல்லாம் வேண்டாம். திரையை யார் வேண்டுமானாலும் விலக்கிவிட்டு, “அக்கா, ரிமோட் பாத்தியா?” என்பார்கள். எனக்குச் செங்கல் வேண்டும், சிமென்ட் வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். மாசக் கடைசியில் நீ வந்து நிற்கும்போது சுவர் நிற்க வேண்டும். டைல்ஸ் போனால் போகட்டும். இதில் பேச்சுவார்த்தை கிடையாது, மோவாயைச் சொறிவது கிடையாது. நீ ஒத்துக்கொள்ளும்வரை உன் லெட் டப்பாக்களைக் கையால் தொடமாட்டேன். வந்து நீயே எடுத்துக்கொண்டு போ.

உன் மனைவியின் பொறுமையும், உன் மகளின் வாயும், உன் தலையில் மிச்சமிருக்கும் முடியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டு உறை தேடியதில் நாலைந்து நாள் ஓடிவிட்டது. அதற்குள் சில மாறுதல்கள். உன் லெட்டைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அதற்குப் பொருந்துகிற 0.7 பென்சில் ஒன்று வாங்கினேன். சும்மா முயன்று பார்க்கலாம் என்று பிளானில் என் சுவரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். என்ன கறுப்பு, என்ன வழுவழுப்பு! போட்டோகாப்பி எடுத்ததில் மற்ற கோடுகளெல்லாம் அதன் முன்னால் வெட்கப்பட்டு நின்றன. கொத்தனாரிடம் கொடுத்தேன். கோடு தடிமனாக இருந்ததால் சுவரையும் தடிமனாகவே எழுப்பிவிட்டார், கூடம் உன் மனைவி பயந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சின்னதாகிவிட்டது. செங்கல் எடுத்துக் கொடுத்தது அவளேதான். ஆக, மேலே நான் கேட்டது எதற்கும் நீ சம்மதிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த லெட் இன்னும் ஒரு பெட்டி அனுப்பு. சைக்கிள் இப்போது உன் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. மாசக் கடைசியில் வந்ததும் கதவைத் தட்டு. உள்ளே வரலாமா என்று கேள். பாக்கலாம்.