சின்னவனுக்கு யார் ஸ்டாண்ட்பை?

எங்கள் கம்பெனி மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டார அலுவலகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர்களை அனுப்பி வைத்தபோது, ஒன்றுக்கே என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல்தான் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். அது எண்பத்தேழாம் வருஷம். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆள் பேர், வீட்டு நம்பர், லீவு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை எடை எல்லாம் இனி அதற்குள்தான் என்றார்கள். எதற்கு இரண்டு என்றால், ஒன்று விழுந்தால் மற்றது தாங்குமாம். ஒன்றில் தட்டியது அடுத்த நொடி மற்றதிலும் ஏறிவிடும். வேலை செய்வதற்குப் பெரியவன் என்று பேர் வைத்தோம், ஸ்டாண்ட்பை என்று சும்மா நிற்பதற்குச் சின்னவன்.

என் பேர் இராஜம்மா. அங்கே டெலிபோன் எடுப்பதும் டைப் அடிப்பதும் என் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசைக்கு லோரி, டைப்ரைட்டர், எடை மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் பெரியவனுக்குத்தான் முதல் மரியாதை. மாலை, சந்தனம், குங்குமம், கூடவே ஒரு சட்டி நிறையச் சாம்பிராணி. ஏசி அறை ஆனதால் சன்னல் எல்லாம் இறுக்கி அடைத்திருந்தது. புகை போக வழியில்லாமல் அத்தனையையும் பெரியவனே இழுத்துக்கொண்டான்.

"சார், சின்னவனுக்கு?" என்று கேட்டேன்.

"வேலை செய்யாதவனுக்கு ஏன் பூசை?" என்றார் மேனேஜர் துரைசிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர், பேச்சில் ஒரு கணக்கு இருக்கும். சின்னவன்மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடிவிட்டோம்.

மறுநாளே பெரியவன் தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தான். மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் உமாபதி திறந்து பார்த்தான். டிஸ்க் போய்க்கொண்டிருந்தது. புது டிஸ்க்கும் கோலாலம்பூரிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. மாட்ட வேண்டியதுதானே? அங்கேதான் நிர்வாகம் உள்ளே வந்தது.

"சுலபமான வேலை சார்," என்றான் உமாபதி. "வேலையைச் சின்னவனுக்கு மாத்திடுறேன். பெரியவனை நிறுத்தி டிஸ்கை மாட்டுறேன். ஒரு மத்தியானம் போதும் லா."

"நல்லது. அந்த ஒரு மத்தியானம் சின்னவனுக்கு ஆர் ஸ்டாண்ட்பை?"

உமாபதி பெரியவனைப் பார்த்தான், சின்னவனைப் பார்த்தான்.

"பாத்தீரே? சின்னவன் வேலை செய்தால் சும்மா நிற்க ஆள் இல்லை. சும்மா நிற்க ஆள் இல்லாமல் ஒரு அலுவலகம் நடக்கலாமோ?"

தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். 'எக்காரணம் கொண்டும் ஸ்டாண்ட்பை இல்லாத நிலை ஏற்படலாகாது' என்று பதில் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். புது டிஸ்க் பெட்டியிலேயே கிடந்தது. அதன்மேல் பிஸ்கட் டின் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் பிடித்ததே ஒரு பைத்தியம்! டீ போடும் அன்னம்மாவுக்கு ஒரு ஸ்டாண்ட்பை அன்னம்மா வந்தாள். லோரி டிரைவர் பக்கத்தில் இன்னொரு டிரைவர் கைகட்டி உட்கார்ந்து போனார். கோயில் கமிட்டித் தலைவர் தனக்கு ஒரு ஸ்டாண்ட்பை தலைவரை வைத்துக்கொண்டார். கடைத்தெருவில் ஸ்டாண்ட்பை இல்லாதவனை யாரும் மனுஷனாகவே மதிக்கவில்லை. என் மாமியார்கூட, "ஆபீசுக்கே ரெண்டு மிஷின், இந்த வீட்டுக்கு ஒரே மருமகளா?" என்று ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

இதில் வசமாக மாட்டியவன் உமாபதிதான். தை மாதம் பத்தாங் காலியில் அவனுக்குக் கல்யாணம். பெண் சந்திரிகா, நல்ல பெண். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, பையன் முகத்தில் களை கட்டிவிட்டது. லீவு கேட்டுப் போனான்.

"பெரியவன் நோயாளி," என்றார் துரைசிங்கம். "பாத்துக்கொள்ளுற நீர் ஒரு மணித்தியாலம்கூட நகரேலாது. உமக்கும் ஒரு ஸ்டாண்ட்பை தேவை."

அப்படித்தான் சேது வந்து சேர்ந்தான். தோட்டத்தில் வேலை செய்யும் வேலம்மாவின் மகன், சூதுவாது தெரியாத பிள்ளை. உமாபதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் செய்வதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டான். உமாபதி தும்மினால் இவன் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொள்வான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணின் அப்பா இருசப்பன் நேரிலேயே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை வர்றாரா இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"பதறாதேயும்," என்றார் துரைசிங்கம். "விதிப்படி வேலையில் இருக்கிற ஆள் அசையேலாது. அவரால் ஏலாத காரியத்தை ஸ்டாண்ட்பை செய்வார். உமாபதி இங்கே இருப்பார், சேது கல்யாணத்துக்கு வருவார்."

"சார், தாலி கட்டணும் சார்!" என்று அலறினான் உமாபதி.

"அதுக்குத்தானே சேது."

இருசப்பன் சேதுவை ஏற இறங்கப் பார்த்தார். சேது மரியாதையாக எழுந்து நின்றான். "பையன் லட்சணமாத்தான் இருக்கான்," என்று முணுமுணுத்தபடியே போனார். உமாபதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், விடிந்தால் முகூர்த்தம். துரைசிங்கம் சாப்பிடப் போயிருந்தார். உமாபதி விடுவிடுவென்று உள்ளே போனான். வேலையைச் சின்னவனுக்கு மாற்றினான். பெரியவனை நிறுத்தினான். பிஸ்கட் டின்னைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தான்.

"உமாபதி, வேலை போயிடும்பா!"

"போகட்டும்கா. கல்யாணம் போகக்கூடாது."

நான் பிஸ்கட் டின்னைக் கட்டிக்கொண்டு நின்றேன். உலகம் முடிந்துவிடும் என்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சின்னவன் தன் பாட்டுக்கு ஓடினான். துரைசிங்கம் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தபோது பெரியவன் புது டிஸ்க்குடன் சத்தமே இல்லாமல் நின்றிருந்தான்.

"ஆரைக் கேட்டுச் செய்தீர்?"

"சார், கோவிச்சுக்காம கேளுங்க. இப்போ சின்னவன் வேலை பாக்குறான், பெரியவன் ஸ்டாண்ட்பை. சின்னவனைச் சேது பாத்துக்குறான். அப்ப வேலையில இருக்குறது சேது, நான்தான் ஸ்டாண்ட்பை. விதிப்படி அசையக் கூடாதது சேது. அவனால போக முடியாத கல்யாணத்துக்கு நான்தானே போகணும்?"

துரைசிங்கம் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய கடிதத்தை இரண்டு தரம் படித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "இதல்லோ நிர்வாகம்!" என்று உமாபதி முதுகில் தட்டினார். "ஆனால் முறையாய்ப் பதிய வேணும். கல்யாண லீவு சேதுவின் பேரில். அவருக்குப் பதிலாய்ப் போனவர் உமாபதி."

"என்ன வேணும்னாலும் போடுங்க சார்!" உமாபதி அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டான். துரைசிங்கம் ஒற்றை விரலால் தானே தட்டினார். சின்னவனில் ஏறியது, அடுத்த நொடி பெரியவனிலும் ஏறியது.

கல்யாணம் ஜோராக நடந்தது. நாங்கள் எல்லாரும் பத்தாங் காலிக்குப் போய் அட்சதை போட்டு, பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தோம். சேது மட்டும் வரமுடியவில்லை, பாவம்.

கல்யாணமானவர்களுக்கான கம்பெனி வீடு அடுத்த மாதம் சேது பேருக்கு வந்தது. அதில் உமாபதியும் சந்திரிகாவும் சேதுவுக்குப் பதிலாகக் குடி போனார்கள். சேதுவும் சாவியைக் கொடுக்கும்போது, "வீட்டைப் பத்திரமா பாத்துக்குங்கண்ணே," என்றான். இதெல்லாம் யாருக்கும் ஒரு குறையாகவே படவில்லை.

அடுத்த வருஷம் வேலம்மா தன் மகன் சேதுவுக்குத் தஞ்சோங் காராங்கில் ஒரு பெண் பார்த்தாள். பெண் வீட்டார் விவரமானவர்கள், அலுவலகத்துக்கே டெலிபோன் போட்டு விசாரித்தார்கள்.

"சேதுன்னு ஒரு பையன். குணம் எப்படிங்க?"

"தங்கமான பையன்."

"ஏற்கெனவே கல்யாணம் கில்யாணம் ஆகலையே?"

ஆகலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஆபீஸ் டெலிபோனில் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா? "இருங்க, பாத்துச் சொல்றேன்," என்று பெரியவனைப் பார்த்தேன். ஆகியிருந்தது. சின்னவனையும் பார்த்தேன். அதிலும் ஆகியிருந்தது.

பக்கத்தில் சேது கையைப் பிசைந்தான். "அக்கா, ஆகலைன்னு சொல்லுங்கக்கா! உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அந்தப் பாயசத்தின் ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது. உமாபதியைப் பார்த்தேன். அவனும் இரண்டு திரையையும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஒரு மிஷின் தப்பாகச் சொல்லலாம், இரண்டும் ஒன்றுபோலத் தப்பாகவா சொல்லும்?

"ஆயிடுச்சுங்க," என்று சொல்லி டெலிபோனை வைத்தேன்.

சேது திரைக்குப் பக்கத்தில் வந்து, கூச்சத்தோடு மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, பொண்ணு பேரு என்னன்னு போட்டிருக்கு?"