இயக்குநர் வளைவு

நெருப்பை முதலில் கண்டுபிடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. பாவம், அவனுக்கு ஒரு கூட்ட அரங்கு இல்லை. தலைமை தாங்க ஓர் இயக்குநரும் இல்லை. அந்தக் குறை நம் அடுப்புத் தொழிற்சாலைக்குக் கிடையாது. அங்கே ஒரு திருகாணியை மாற்றுவதென்றாலும், கூட்டம் போட்டு, 'கொள்கை அளவில்' அதை மாற்றிவிட்டுத்தான் கையால் தொடுவார்கள்.

அந்த மேன்மை மிக்க இடத்தில் படக்காரி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். மைக்ரோவேவ் அடுப்பின் வயிற்றுக்குள் மின்காந்தப் புலம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டு, புலம் மிகுந்த இடத்தைச் சிவப்பாகவும், குறைந்த இடத்தை நீலமாகவும், நடுத்தரத்தைப் பச்சையாகவும் படமாக்கித் தருவது அவள் வேலை. அதே தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நின்று, முதுகொடிய உழைத்து அவளைப் படிக்கவைத்தவன் அவள் அண்ணன்.

ஒரு ஷிஃப்டின் சாப்பாட்டு டப்பாக்கள் முழுவதையும் ஒரே தடவையில் சுடவைக்கும் பெரிய அடுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. முதல் அடுப்பு தொழிலாளர் உணவுக்கூடத்துக்கு என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

"பாப்பா, அந்த அடுப்புல எங்க சோறு சுடுமா, சுடாதா? அதை மட்டும் சொல்லு" என்றான் அண்ணன்.

"ஓரத்துல கொதிக்கும்ணா. நடுவுல சில்லுனு இருக்கும்."

"அப்ப இத்தனை வருஷம் படிச்சு என்னத்தைக் கிழிச்ச?"

"ஒரு பக்கச் சுவரைக் கோணலாக்கினா சரியாயிடும். நாளைக்கு மீட்டிங்ல சொல்லப்போறேன்."

"மீட்டிங்லயா? அப்ப நான் ரொட்டிக்கு மாறிக்கறேன்."

அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. சுவரெல்லாம் நேராக இருக்கும் பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்பி, எப்போதும் அதே இடங்களில் கூடும். அதே இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். கூடுகிற இடத்தில் சோறு கருகும். சாகிற இடத்தில் விறைக்கும். ஒரு சுவர் உள்வாங்கிக் கோணலாக இருந்தால் அலைகளுக்குப் பழகிய தடம் தப்பிப்போகும். எல்லா மூலைக்கும் போய் வரும். உருளை, முட்டை, அறுகோணம் என்று பல வயிறுகளைப் போட்டுப் பார்த்து அலுத்த பிறகுதான் அவள் அந்தக் கோணலுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் வடிவமைப்புத் தலைவர் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நம்ம கம்பெனியோட அடையாளமே நேர்கோடும்மா. இது பல் வலிக்காரன் கன்னம் மாதிரி இருக்கு."

விற்பனைத் தலைவர், "கோணல் அடுப்பை எந்த வாயால விக்கறது?" என்றார்.

இயக்குநர் மட்டும் நிதானமாக இருந்தார். அறிவாளிகள் அப்படித்தான். "நேர் சுவரே இருக்கட்டும். ஆனா அதோட படம் ஏன் தேமல் வந்த மாதிரி இருக்கு?"

"புலம் அப்படித்தான் சார் இருக்கு."

"பக்கத்துல ஒரு கலர்ப்பட்டை இருக்கே, அது என்ன?"

"அளவுகோல் சார். எவ்வளவு புலத்துக்கு என்ன நிறம்னு காட்டும்."

"அதை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப பிரச்சினை அடுப்புல இல்ல. உன்கிட்ட இருக்கு. கொஞ்சம் தாராளமா வையம்மா. மேல இடி மின்னல் வரைக்கும் போ. கீழ ரேடியோப் பெட்டி வரைக்கும் இறங்கு."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் படக்காரி அளவுகோலை இழுத்தாள். தேமல் மறைந்தது. மின்னலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஓர் அடுப்புக்குள் இருக்கும் வித்தியாசம் எம்மாத்திரம்? படம் முழுக்கப் பச்சை. மாடு பார்த்தால் மேயும். அரங்கம் கைதட்டியது. ஒரு தகட்டைக்கூடத் தொடாமல் புலத்தைச் 'சீர்' செய்த முதல் மனிதர் நம் இயக்குநர்தான்.

"சார், அடுப்பு மாறலையே" என்று முனகினாள் அவள்.

"அடுப்பு கீழ இருக்கு. கூட்டம் மேல நடக்குது. ரெண்டையும் குழப்பாத."

அடுப்பு வந்தது. பச்சைப் படத்தைச் சட்டம் போட்டு அதன் தலைக்கு மேல் மாட்டினார்கள். இயக்குநர் நாடாவை வெட்டிவிட்டு, சாப்பிட நேரமில்லாமல் அவசரக் கூட்டத்துக்குப் போனார். அண்ணன் டப்பாவைத் திறந்தான். ஓரத்தில் விரல் சுட்டது. நடுவில் பல் கூசியது.

மேற்பார்வையாளர் சுவரைக் காட்டினார். "படத்தைப் பாருய்யா. எல்லா இடமும் சமம்."

"படத்தையா சார் தின்னச் சொல்றீங்க?"

புகார் மேலே போனது; பதில் கீழே வந்தது. தொழிலாளர்களிடம் 'சூடு உணரும் பயிற்சி' போதவில்லையாம். பயிற்சி வகுப்பைச் சாப்பாட்டு இடைவேளையிலேயே வைத்தார்கள். அது முடிந்து, மணி அடிக்கச் சற்று முன்பு வந்து டப்பாவை எடுத்த அண்ணன், அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். பிறகு இரும்பு மூக்கு வைத்த தன் பூட்ஸால் அடுப்பின் விலாவில் ஓர் உதை விட்டான். வெளித் தகடும் உள் தகடும் சேர்ந்து ஒடுங்கின. கதவு மட்டும் தப்பியது.

படக்காரி ஓடிவந்து, அலை வெளியே வருகிறதா என்று கசிவுமானியை வைத்துப் பார்த்தாள். கசிவு இல்லை. அடுத்த ஷிஃப்ட் வேறு வழியில்லாமல் அதிலேயே டப்பாக்களை வைத்தது. திறந்தால் எல்லாவற்றிலும் ஆவி. ஓரத்திலும் ஆவி, நடுவிலும் ஆவி. ஒடுக்கத்தை அளந்து கணக்கில் ஏற்றினாள். அவள் வரைந்த கோணலுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

அண்ணனுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும். அடுப்பைச் 'சான்றுப் பொருள்' என்று அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோனார்கள். சான்றில் சூடு பண்ணிச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதைத் திருப்பித்தர மனமில்லாமல் விசாரணையைத் தள்ளித்தள்ளிப் போட்டார்கள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்தான்.

ஒருவழியாக விசாரணை கூடியது. அண்ணனை வெளியே நிறுத்திவிட்டார்கள். படக்காரி நேர் சுவரின் படத்தையும் உதைபட்ட சுவரின் படத்தையும் மேசைமேல் விரித்தாள். "இதுல மின்னல் கிடையாது சார். அடுப்புக்கு உண்டான அளவுகோல்தான்."

இயக்குநர் வெகுநேரம் பார்த்தார். "கோணலா இருக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேனே."

"நான் ஆமோதிச்சேன் சார்" என்றார் வடிவமைப்புத் தலைவர்.

அங்கேயே அதற்கு 'இயக்குநர் வளைவு' என்று பெயர் வைத்தாயிற்று. காப்புரிமை வாங்கவும் முடிவாயிற்று. சட்ட ஆலோசகர் மட்டும் தொண்டையைச் செருமினார். "ஒரு சிக்கல் சார். அவனைத் தண்டிச்சா, உதை அவனோடதுன்னு ஆயிடும். அப்ப வளைவும் அவனோடது."

"உதையும் நம்மளதா இருக்கணும்னா?" என்றார் இயக்குநர்.

"இயக்குநர் வழிகாட்டினபடி உதைச்சேன்னு அவன் எழுதிக் குடுக்கணும்."

"குடுத்தா வேலை திரும்பக் கிடைக்கணும் சார்" என்றாள் படக்காரி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கீழயும் வளைவு அடுப்பு வரணும்."

எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்கள். அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் வாயை அறிந்தவள் தங்கை. "அண்ணா, பேசாம கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு" என்று கிசுகிசுத்தாள்.

அவர்களே எழுதி நீட்டிய காகிதத்தை அவன் எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தான். பேனாவை மூடிக் கீழே வைத்தான்.

"வழிகாட்டினீங்கன்னு போட மாட்டேன் சார். அது பொய்."

"பின்ன?"

"உங்களை மனசுல நெனச்சுக்கிட்டுத்தான் உதைச்சேன். வேணும்னா அதை எழுதித் தரேன்."