மண்டோர் வீராசாமிக்கு நான் அடித்த நோட்டீஸ்

செத்தவனை வைத்துக் கதை எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவன் வந்து "ஏன் இப்படி எழுதினே?" என்று கேட்க மாட்டான். இதை நம்பித்தான் என் நாலாவது கொலை நாவலை எழுதினேன். அந்த நம்பிக்கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். அப்புறம் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் 'ழ' போடும்போது பேனா ஒருமுறை நின்று யோசிக்கும். ஆனால் நாலு நாவல் போட்டிருக்கிறேன். பத்துப் பதினொன்று படித்த என் கொழுந்தன் மக்களில் ஒருத்தர்கூட ஒரு நாவல் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பத்து பெரண்டாமில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலைக் கூட்டிக் கழுவுவது என் வேலை. பகலில் குப்பை, சாயங்காலம் கொலை. குப்பைத்தொட்டியைப் போல உண்மை பேசும் சாட்சி உலகத்தில் இல்லை. எங்கே குற்றம் நடந்தாலும் போலீஸ் முதலில் அங்கே கூட்டுகிறவளைத்தான் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கேட்பதில்லை. அதனால் என் கதைகளில் கூட்டுகிறவள்தான் எப்போதும் கண்டுபிடிப்பாள். (இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் வந்து கோப்பி குடிப்பார்.)

பதிப்பகம், ஏஜெண்டு என்று யாரும் எனக்குக் கிடையாது. நான் நோட்டில் எழுதுவேன். மகள் செல்வி டைப் அடிப்பாள். மெர்லிமாவில் அச்சுக்கடை வைத்திருக்கும் ரவி புத்தகமாக்கித் தருவான். அவனிடம் நாவல் அடிக்கும் ஒரே ஆள் நான்தான். மற்றபடி கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான் அவனுக்குப் பிழைப்பு.

நாலாவது நாவலில் செத்துப்போகிறவர் மண்டோர் வீராசாமி. பெயரைக்கூட மாற்றவில்லை. நிஜ வீராசாமி எங்கள் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். எங்களை நிற்கவைத்து வேலை பிரித்துக் கொடுத்தவர். தோட்டத்தை விற்றபோது கோலா சுங்கை பாருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நானே எனக்குச் சொல்லிக்கொண்டேனோ என்னவோ.)

அவரை ஏன் கொன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பால்மரம் வெட்டியவள் அஞ்சலை. கர்ப்பமாக இருந்தாள். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வீராசாமி அவளைப் பார்த்து, "நீ மேட்டு நிரைக்குப் போ" என்றார். குன்றின் மேல் இருக்கிற மரங்கள். முந்தின ராத்திரி நல்ல மழை. அஞ்சலை போனாள், வழுக்கினாள், பிள்ளை போய்விட்டது. "பால் அதிகம் கிடைக்கும்னு அவளாத்தான் மேட்டுக்குப் போனா, நான் அனுப்பல" என்று துரையிடம் சொன்னார் வீராசாமி. அஞ்சலையின் புருஷனும் அதை நம்பினான். மாமியார் சாகும்வரை அவளை "பால் ஆசையில பிள்ளையத் தின்னவ" என்றுதான் கூப்பிட்டாள்.

அன்றைக்குப் பெரட்டில் அஞ்சலைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். என் காதால் கேட்டேன். என் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து நாவல் எழுதினேன். அதிலும் பாருங்கள், ஆளை ரப்பர் பால் தொட்டியில் தலைகீழாக முக்கிக் கொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. ஆனால் காரணத்தை எழுதும்போது மேடு வழுக்கும் என்று மண்டோருக்குத் தெரியாது என்று எழுதிவிட்டேன். அஞ்சலையிடம் இப்படி ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்று சொல்லவும் இல்லை.

வெளியீட்டு விழா என்றால் ஜனம் வராது. முந்தின மூன்றுக்கும் வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரவியிடம் போய்க் கறுப்புக் கரை போட்டு, குத்துவிளக்குப் படம் வைத்து இப்படி அடிக்கச் சொன்னேன்: "முன்னாள் மண்டோர் வீராசாமி அகால மரணம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொது மண்டபத்தில் கூடுவோம். தோட்டத்து மக்கள் அனைவரும் வரவும்."

"அக்கா, இது நெசச் சாவு மாதிரியே இருக்குதே. கீழ நாவல்னு ஒரு வரி போடுவோம்."

"போட்டா மர்மம் எங்கடா இருக்கு? மாதிரியே இருக்கணும், அதான் திறமை."

"அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது லா."

பஸ் நிற்கிற இடம், மளிகைக்கடை, சலூன் என்று ஒட்டினோம். செல்வி படமெடுத்து வாட்சப்பில் போட்டாள். ஜொகூர்வரை போயிற்று.

தோட்டத்து ஜனம் கல்யாணத்துக்கு வராமல் இருக்கும். சாவுக்கு வராமல் இருக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். என் மூளை அன்றைக்கு லீவு.

ஞாயிற்றுக்கிழமை. சிவப்புப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, சந்தனத் தட்டோடு மண்டப வாசலில் நின்றேன். இருநூறு உளுந்துவடை, கேசரி, பால்கோப்பி எல்லாம் தயார். உள்ளே நீளமான மேசையில் புத்தகங்களை அடுக்கி, திறந்துவைப்பதற்காக வெள்ளைத்துணி போட்டு மூடியிருந்தேன். (எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

முதல் வேன் வந்தது. வெள்ளையும் சாயம்போன சேலையுமாக இறங்கினார்கள். நான் பல்லெல்லாம் தெரிய, "வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க!" என்றேன்.

சாவு வீட்டில் யாரும் யாரையும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் ஒரு கிழவர் மேல் பன்னீர் தெளித்தேன். அவர் மனைவி என் பட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்து, "பகை இருக்கலாம்டி, அதுக்காக இப்படியா?" என்றாள்.

நான் விளக்கம் சொல்வதற்குள் இன்னும் மூன்று வேன். உறுமி மேளம் ஒன்று. உள்ளே போன இரண்டு பெண்கள் வெள்ளைத்துணியைக் கண்டதும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் என் புத்தகங்களுக்கு மாலை போட்டார். இன்னொருத்தர் கால்மாட்டில் விழுந்து கும்பிட்டார். செல்வி ஓடிவந்து, "அம்மா, புக்கு மேல வாய்க்கரிசி போடுறாங்கம்மா!" என்றாள். இருநூறு வடையில் ஒன்றை யாரும் தொடவில்லை. சாவு வீட்டில் யார் கை நனைப்பார்கள்?

அஞ்சலையும் வந்திருந்தாள். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"நீ எதுக்குடி வந்தே, இவனுக்கு?" என்றேன்.

"நெசமாத்தான் செத்தானான்னு பாக்க."

அவளிடம் உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தபோது மேளம் நின்றது. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பு ஊன்றி, உள்ளே நடந்து வந்தார் மண்டோர் வீராசாமி.

ஒப்பாரி வைத்தவர்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். இன்னொருத்தி முடியை முடிந்துகொண்டு வெளியே ஓடினாள். கிழவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தன பேரா? நான் உசுரோட இருக்கேன், ஒரு தீபாவளிக்கு எட்டிப் பாத்தீங்களாடா?" பிறகு மேசையைக் கம்பால் காட்டி, "எங்க, நான் எப்படி இருக்கேன்னு பாப்போம்" என்று துணியை இழுத்தார். மாலையோடு அரிசியோடு முப்பது நாவல் கீழே சரிந்தது.

எனக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து விழுங்கினால் தேவலாம் போலிருந்தது. பிளக்கவில்லை. சிமெண்டுத் தரை. "மண்டோர் ஐயா, இது கதைங்க. நான்தான் எழுதினேன்" என்றேன். அறுபத்தேழு வயதிலும் 'ஐயா' தானாக வந்தது.

"என்னைய எப்படிக் கொன்னே?"

"பால் தொட்டியில."

"எதுக்கு?"

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கண்ணு தெரியல எனக்கு. படி" என்றார் கிழவர்.

மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதியதை நானே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பெரட்டு நடந்த பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் படித்தேன். "எட்டு மாதக் கர்ப்பிணியை... மண்டோர் மேட்டு நிரைக்கு... அனுப்பினார். மேடு வழுக்கும் என்று... அவருக்குத் தெரியாது."

"தப்பு" என்றார் வீராசாமி.

அவ்வளவுதான், மறுக்கப்போகிறார், அஞ்சலையை இரண்டாவது தடவை ஊர் முன்னால் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

"எட்டு இல்ல, ஏழு மாசம். வயிறு இழுக்குதுன்னு என்கிட்டச் சொன்னா. மழ பெஞ்சதும் தெரியும், மேடு வழுக்கும்னும் தெரியும். முந்தின நாளு என்னைய எதுத்துப் பேசினா, அதான் அனுப்புனேன். எழுதுறவ சரியா எழுத வேணாமா?"

மன்னிப்புக் கேட்கவில்லை. குரல் இறங்கவும் இல்லை. கணக்கில் பிழை திருத்துகிற மாதிரிச் சொன்னார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அஞ்சலை எழுந்தாள். கிழவரிடம் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும் பக்கத்துல தானடி நின்னே" என்றாள். நான் குனிந்து கீழே கிடந்த புத்தகங்களைப் பொறுக்கினேன்.

அவள் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். நின்றபடியே முழுவதும் தின்றாள். அடுத்ததை எடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கால் மணி நேரத்தில் இருநூறு வடையும் காலி. வீராசாமிக்கு யாரும் ஒன்று எடுத்துக் கொடுக்கவில்லை. மருமகன் அவரைக் காருக்குக் கூட்டிப்போனபோது யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுவருஷம் அவர் நிஜமாகவே செத்தார். மகள் ரவியிடம்தான் நோட்டீஸ் அடித்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கே போன் பண்ணினார்கள். "அக்கா, ரெண்டாம் பாகமா?" "இந்தத் தடவ வடையா, போண்டாவா?" தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. நம்பினவர்களும் நம்பாத மாதிரி இருந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அஞ்சலைக்குப் போன் போட்டு, வீராசாமி செத்துட்டாரு என்றேன்.

"யாரு எழுதினது?"

"நான் இல்லடி. நெசமாத்தான்."

"அப்ப ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். தூக்க ஆள் வேணுமில்ல" என்றாள்.

கோலா சுங்கை பாருவுக்கு பஸ் ஏறிப் போனோம். குடும்பத்தைத் தவிர வந்தது நாங்கள் இரண்டே பேர்தான். பொம்பளைகள் தூக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. பாடைக்கு அஞ்சலை முன்பக்கம், நான் பின்பக்கம்.

இப்போது எங்கள் வீட்டில் எந்தச் சாவுச் செய்தி வந்தாலும் செல்வி முதலில் துக்கம் விசாரிப்பதில்லை. என்னைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள். பேரப்பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டன. போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்கும்: "யாரு எழுதினது?"